மாடி வீடா, ஒருதள வீடா? எதற்குக் குளிர்ச்சிச் செலவு குறைவு?

என் தம்பி திருச்சியில் 2,400 சதுர அடி மனை ஒன்று வாங்கியிருக்கிறான். அதில் 120 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,300 சதுர அடி பரப்புள்ள வீடு கட்ட வேண்டும் என்பது அவனுடைய திட்டம். சென்ற கோடையில் வரைபடத்தோடு வீட்டுக்கு வந்தான். அன்றே விவாதம் தொடங்கிவிட்டது.

"ஒரே தளமாகக் கட்டிவிடு. மாடி என்றாலே அனல். கத்திரி வெயிலில் மாடி அறையில் யார் படுப்பது?" என்றார் அம்மா. அவருக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது.

"பாதியைக் கீழேயும் பாதியை மேலேயும் கட்டினால் தோட்டத்துக்கு இடம் மிஞ்சும் அம்மா. ஏ.சி. செலவும் குறையும் என்று என்ஜினியர் சொல்கிறார்" என்றான் தம்பி. பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்கள்தான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறீர்களே! நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றான்.

மாணவ நண்பர்களே, இதில் வேடிக்கை என்னவென்றால், இருவர் சொன்னதும் உண்மை. மாடி அறை கீழ் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆனாலும் அதே பரப்புள்ள ஒருதள வீட்டைக் காட்டிலும் இருதள வீட்டை மொத்தமாகக் குளிர்விப்பதற்குச் செலவு குறைவு. இவை இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டே பார்ப்போம்.

பரப்பளவு சொல்வது என்ன?

ஒருதள வீட்டின் நீளம் 12 மீட்டர், அகலம் 10 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று கொள்வோம். கூரையின் பரப்பு 12 × 10 = 120 சதுர மீட்டர். சுற்றளவு 44 மீட்டர்; எனவே வெளிச்சுவர்களின் பரப்பு 44 × 3 = 132 சதுர மீட்டர். கூரையும் சுவர்களும் சேர்ந்து 252 சதுர மீட்டர்.

இருதள வீட்டில் ஒவ்வொரு தளமும் 60 சதுர மீட்டர். நீளம் 10 மீட்டர், அகலம் 6 மீட்டர், மொத்த உயரம் 6 மீட்டர். கூரை 60 சதுர மீட்டர். சுற்றளவு 32 மீட்டர்; வெளிச்சுவர்கள் 32 × 6 = 192 சதுர மீட்டர். மொத்தம் எவ்வளவு? அதே 252 சதுர மீட்டர்!

வெளிக்காற்றைத் தொடும் பரப்பு இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். அப்படியானால் உள்ளே வரும் வெப்பமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். வெயிலே இல்லாமல், சூடான காற்று மட்டும் வீட்டைச் சூழ்ந்திருந்தால், அது ஏறத்தாழச் சரி. ஆனால் நம் ஊரில் வீட்டைச் சுடவைப்பது காற்று மட்டுமன்று, நேரடி வெயில். அந்த வெயில் எல்லாப் பக்கங்களையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை.

தலைக்கு மேலே சூரியன்

தமிழ்நாடு ஏறத்தாழ 8 டிகிரி முதல் 13½ டிகிரி வரையுள்ள வட அட்சரேகைகளில் அமைந்திருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் சூரியன் நமக்கு நேர் மேலே வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கிலும், திருச்சியில் 18ஆம் தேதி வாக்கிலும், சென்னையில் 24ஆம் தேதி வாக்கிலும் இது நிகழும். அன்று நண்பகலில் செங்குத்தாக நட்ட கம்பத்துக்கு நிழலே இராது. பிறகு சூரியன் வடக்கே நகர்ந்தாலும் வெகுதூரம் போவதில்லை. ஜூன் 21 அன்று நண்பகலில்கூடத் திருச்சியில் அது உச்சியிலிருந்து சுமார் 13 டிகிரிதான் விலகியிருக்கும். அப்போதும் கூரை பெறுவது நேர்ச்செங்குத்து வெயிலில் 97 சதவீதம்!

இனி, கூரைக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம். சூரியன் கிழக்கே உதித்து, தலைக்கு மேலாகச் சென்று, மேற்கே மறைகிறது என்று கொள்க. அதன் உயரக்கோணம் h என்றால், கூரையின் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் sin h-க்கு நேர்விகிதத்தில் இருக்கும். கிழக்குச் சுவரில் விழுவது cos h-க்கு நேர்விகிதத்தில் இருக்கும். காலை 6 மணிக்குச் சுவருக்கு முழு வெயில், கூரைக்கு ஒன்றுமில்லை. நண்பகலில் கூரைக்கு முழு வெயில், சுவருக்கு ஒன்றுமில்லை.

கூரைக்குக் காலை முதல் மாலை வரை வெயில் உண்டு. ஆனால் கிழக்குச் சுவருக்குக் காலையில் மட்டும். மேற்குச் சுவருக்குப் பிற்பகலில் மட்டும். வரைபடத்தாளில் வரைந்தால் கூரைக்கு ஒரு முழு வளைவும், சுவர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அரை வளைவும் கிடைக்கும். எனவே ஒரு நாளில் கூரையின் ஒரு சதுர மீட்டர் பெறும் வெயிலில் பாதியைத்தான் கிழக்குச் சுவரோ மேற்குச் சுவரோ பெறுகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு நேரடி வெயில் ஏறத்தாழ இல்லை. உண்மையில் காலை மாலை வெயில் தடித்த காற்று மண்டலத்தைக் கடந்து வருவதால் வலுவிழந்திருக்கும். ஆகவே சுவருக்குப் பாதி என்பதே சற்றுத் தாராளமான கணக்குத்தான்.

இப்போது நம் இரு வீடுகளையும், நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கும்படி நிறுத்துவோம். கூரையின் ஒரு சதுர மீட்டர் ஒரு நாளில் பெறும் வெயிலை ஓர் 'அலகு' என்று வைத்துக்கொள்வோம்.

ஒருதள வீடு: கூரைக்கு 120 அலகு. கிழக்கு, மேற்குச் சுவர்கள் சேர்ந்து 60 சதுர மீட்டர். அவற்றுக்கு 30 அலகு. மொத்தம் 150.

இருதள வீடு: கூரைக்கு 60 அலகு. கிழக்கு, மேற்குச் சுவர்கள் சேர்ந்து 72 சதுர மீட்டர். அவற்றுக்கு 36 அலகு. மொத்தம் 96.

பரப்பளவு ஒன்றாக இருந்தும், வெயிலின் சுமை 36 சதவீதம் குறைந்துவிட்டது! வெயில் அதிகம் விழும் கூரையைச் சுருக்கி, வெயில் குறைவாக விழும் சுவரை வளர்த்ததுதான் காரணம்.

மூன்று தளங்கள் கட்டினால்? ஒவ்வொன்றும் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால் கூரைக்கு 40, சுவர்களுக்கு 45, ஆக 85 அலகு. முதல் மாடி 54 அலகுகளை மிச்சப்படுத்தியது. இரண்டாம் மாடி மிச்சப்படுத்தியது 11 மட்டுமே. மாடிப்படி விழுங்கும் இடத்தையும் கணக்கிட்டால் இந்த ஆதாயம் பெரிதன்று.

திசையும் முக்கியம். அதே இருதள வீட்டைத் திருப்பி, நீண்ட சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும்படி கட்டினால் 96 என்பது 120 ஆகிவிடும். வீட்டு மனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை இயற்பியலும் கவனிக்கத்தான் செய்கிறது!

ஓர் எச்சரிக்கை. வெயிலின் சுமை 36 சதவீதம் குறைந்ததால் மின்கட்டணமும் 36 சதவீதம் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. சூடான காற்றிலிருந்து வரும் வெப்பம், சிதறிய ஒளி, அடுப்பு, விளக்கு, நம் உடல் ஆகியவை தரும் வெப்பம் எல்லாம் இரு வீட்டுக்கும் உண்டு. மேலும் ஒருதள வீட்டுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. அதன் தரை முழுவதும் மண்ணைத் தொடுகிறது. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். நம் சமவெளிகளில் இது 28, 29 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, வெறுந்தரையில் படுத்தால் சுகமாக இருப்பது இதனால்தான். இருந்தாலும் கூரையின் சுமையை ஈடுகட்ட இந்த ஆதாயம் போதாது.

மாடி அறை இரவிலும் ஏன் சுடுகிறது?

தம்பியின் பக்கம் சரிதான். அம்மாவின் பக்கத்தை இனிப் பார்ப்போம்.

"சூடான காற்று மேலே போகும், அதனால் மாடி சூடாகிறது" என்று பலர் விடை சொல்வார்கள். மாடிப்படி வழியாக ஓரளவு இது நடப்பது உண்மையே. ஆனால் அதுவே முக்கியக் காரணமானால், மூன்று தள வீட்டில் நடுத்தளமும் தரைத்தளத்தைவிட நன்றாகச் சூடாக வேண்டும். நடுத்தளத்தில் வசிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கடைசித் தளத்தில் இருப்பவர் படும் பாடு அவருக்கு இல்லை. ஆகவே குற்றவாளி கூரைதான்.

12 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளத்தின் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 290 கிலோகிராம் எடை இருக்கும். அது 10 டிகிரி சூடேற சுமார் 2,500 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். 12 சதுர மீட்டர் படுக்கையறைக்கு மேலுள்ள தளம் இப்படி 30,000 கிலோஜூல், அதாவது மின்கணக்கில் 8 யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தைப் பகலில் சேர்த்துவைக்கிறது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொண்ட தளம் போட்டிருந்தால் சேமிப்பு இன்னும் கூடும். இந்த வெப்பம் தளத்தைக் கடந்து கீழே வரப் பல மணி நேரமாகும். பிற்பகல் 2 மணிக்கு அடித்த வெயில் இரவு 7, 8 மணிக்குத்தான் உள்கூரையை வந்தடைகிறது. வெளியே காற்று குளிரத் தொடங்கும் நேரத்தில் நம் தலைக்கு மேலே அடுப்பு மூட்டப்படுகிறது!

மின்விசிறியைச் சுழலவிட்டால்? விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆவியாக்கி நம்மைக் குளிர்விக்கிறது. உள்கூரையை ஒட்டியிருக்கும் சூடான காற்றையும் அது கீழே தள்ளுகிறது. அதைவிட முக்கியமானது வெப்பக் கதிர்வீச்சு. நம் தோலின் வெப்பநிலை சுமார் 34 டிகிரி. சுற்றிலுமுள்ள பரப்புகள் அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடலிலிருந்து வெப்பம் வெளியேறும். உள்கூரை 36, 38 டிகிரியில் இருந்தால், வெப்பம் அங்கிருந்து நம்மீது பொழிகிறது. கதிர்வீச்சை எந்த விசிறியாலும் விரட்ட முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர் நிம்மதியாக உறங்குவார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அவருடைய அறை குளிர்ந்திருந்ததற்கு அவருடைய சாமர்த்தியம் காரணமன்று. நான் குடியிருந்த தளம் அவருக்குக் குடையாக இருந்ததே காரணம். இருதள வீட்டின் சிக்கனம் இரு தளத்தாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. மேலே இருப்பவர் வெயிலைத் தாங்க, கீழே இருப்பவர் ஆதாயம் பெறுகிறார்.

கட்டணத்தில் எவ்வளவு?

இதையும் கணக்கிடலாம். மாடிப் படுக்கையறையில் ஏ.சி. ஓடுகிறது, அறை வெப்பநிலை 26 டிகிரி. உள்கூரை இரவின் தொடக்கத்தில் 36 டிகிரியிலும் விடியும்போது 32 டிகிரியிலும் இருப்பதாகக் கொண்டால், சராசரி வேறுபாடு 8 டிகிரி. உள்கூரையின் ஒரு சதுர மீட்டர் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 6 வாட் வீதம் வெப்பத்தை அறைக்குள் தருகிறது. ஆக, சதுர மீட்டருக்கு 48 வாட். 12 சதுர மீட்டர் அறைக்கு ஏறத்தாழ 600 வாட்.

ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். (907 கிலோகிராம் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வீதம் இது. பனிக்கட்டியால் குளிர்வித்த காலத்தின் அளவை இன்றும் வழக்கில் இருக்கிறது.) அதில் ஆறில் ஒரு பங்கைக் கூரையே தின்றுவிடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஏ.சி. மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றுவதாகக் கொண்டால், கூரைக்காக மட்டும் 200 வாட் மின்சாரம் செலவாகும். இரவு 8 மணி நேரத்துக்கு 1.6 யூனிட், 60 நாட்களுக்கு 96 யூனிட். ஒரு யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 576 ரூபாய். கீழ் அறைக்கு இந்தச் செலவு ஏறத்தாழ இல்லை. நம் மின்கட்டணத்தில் யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். ஆகவே உண்மையான வேறுபாடு இதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

மாடியில் ஏ.சி. வைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். கதவு திறந்திருந்தால் அது மாடிப்படி வழியாக நீர்போல வழிந்து கீழே போய்விடும்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு

ஏ.சி. இல்லாதவர்களுக்கு இந்த வேறுபாடு ரூபாயில் தெரியாது; உடம்பில் தெரியும். 2010 மே மாதத்தில் குஜராத்தின் அகமதாபாத் நகரில் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் பிரசவப் பிரிவு மேல் தளத்தில், கூரைக்கு அடியில் இருந்தது. வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் பலர். பிறகு அப்பிரிவைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். அம்மாற்றம் குழந்தைகளுக்குப் பாதுகாப்பளித்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கட்டடம் மாறவில்லை, வெயில் மாறவில்லை. மாறியது தளம் மட்டுமே!

அந்நகரம் 2013இல் வெப்ப அலைக்கான செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியையும் 2017இல் தொடங்கியது.

பாட்டி வீடு ஏன் குளிர்ந்தது?

"எங்கள் பழைய வீடு ஒரே தளம்தான். எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது!" என்பது அம்மாவின் வாதம். அது ஓட்டு வீடு. அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடுகளுக்கு இடையே காற்று தங்கியிருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறிவிடும். ஓடு மெல்லியது, பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். தடித்த மண்சுவரும், நடுவே முற்றமும், வாசலில் வேப்பமரமும் சேர்ந்துகொண்டன. பழைய 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளிலோ மர உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையிட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். உள்கூரையும் மிக உயரத்தில் இருந்தது. குளிர்ச்சிக்குக் காரணம் தளம் ஒன்றாக இருந்தது அன்று. கூரை நல்ல கூரையாக இருந்ததே. இன்று நாம் ஒரு தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு கூரையைக் கான்கிரீட்டாக மாற்றிவிட்டோம்.

எனவே தீர்வும் கூரையில்தான் இருக்கிறது. வெற்றுக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் 60 சதவீதத்துக்கு மேல் உட்கொள்கிறது. வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை ஓடோ அதைப் பாதியாக்கும். நம் ஒருதள வீட்டுக் கூரைக்கு வெள்ளை பூசினால் 120 என்பது 60 ஆகும். சுவரின் 30 சேர்ந்து 90. வெள்ளை பூசாத இருதள வீட்டின் 96-ஐவிட இது குறைவு! ஒரு மாடி கட்டிப் பெறும் ஆதாயத்தைச் சில வாளிச் சுண்ணாம்பில் பெற்றுவிடலாம். இருதள வீட்டுக்கும் பூசினால் 30 + 36 = 66. ஆனால் தூசி படிந்தால் பயன் குறையும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் புதுப்பிக்க வேண்டும். மொட்டை மாடியில் கீற்றுப் பந்தலோ, அவரைப் பந்தலோ போட்டாலும் நல்ல பலன் உண்டு. அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் கூரைக்கு வெள்ளை பூசும் செலவை எல்லாத் தளத்தாரும் பகிர்ந்துகொள்வதே முறை. கடைசித் தளத்தார் மற்ற எல்லாருக்கும் குடையாக இருக்கிறார்கள் அல்லவா?

தம்பியின் வீட்டில் இப்போது கூரை போட்டாகிவிட்டது. இரண்டு தளங்கள். அம்மாவின் அறை கீழே. அதன் நேர் மேலே தம்பியின் அறை. அதன்மேல் வெள்ளை ஓடு. அம்மா படி ஏற வேண்டியதில்லை. வீட்டிலேயே மிகக் குளிர்ந்த அறையும் அவருக்குத்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

மாடியுள்ள உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு அறைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் அறையிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தில், வெயில் படாமல் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். காலை 7, பிற்பகல் 2, இரவு 8 ஆகிய நேரங்களில் ஒரு வாரம் குறித்து வரைபடம் வரையுங்கள். வேறுபாடு மிகுந்திருப்பது பிற்பகலிலா, இரவிலா? பள்ளியில் இரவு அளவு எடுக்க முடியாதவர்கள் மாலை 6 மணிக்கு எடுக்கலாம். முடிந்தால் மேல் அறையின் கூரைக்கு வெள்ளை பூசிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இறுதியாக ஒரு கேள்வி. 60 சதுர மீட்டர் கூரையின்மேல் மாலையில் தண்ணீர் தெளித்து, அது முழுவதும் ஆவியாகிறது என்று கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். தளத்தின் ஒரு சதுர மீட்டர் 10 டிகிரி குளிர எத்தனை லிட்டர் தேவை? கூரை முழுவதற்கும் எத்தனை லிட்டர்? கோடையில் அந்தத் தண்ணீரை நம்மால் செலவிட முடியுமா, அல்லது சுண்ணாம்பே மேலா? விடையைக் கண்டுபிடித்து வீட்டில் உள்ளவர்களிடம் விளக்குங்கள்.